ஜிம்முக்கும் போகிறோம், நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறோம்: ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை கலோரி செலவாகிறது?

பன்னிரண்டாவது வாரத்திலும் எடை மெஷின் அதே 78 கிலோவைக் காட்டினால் முதலில் வருவது கோபமில்லை. ஒருவித வெட்கம். வாரத்துக்கு நான்கு நாள் வியர்வை சிந்தியாயிற்று, சாப்பாட்டை ஆப்பில் எழுதியாயிற்று, இனிப்பை விட்டாயிற்று. முள் மட்டும் நகரவில்லை. யாரிடமாவது சொன்னால் “ஏதாவது திருட்டுத்தனமா சாப்பிடுறீங்களா?” என்று கேட்பார்கள் என்ற பயத்தில் வாய் திறப்பதும் இல்லை. மேஜை வேலையும் உடற்பயிற்சியும் சேர்ந்தவர்கள் பலர் தனியாகக் கடக்கும் கட்டம் இது. பெரும்பாலும் பிழை உடம்பில் இருக்காது. முதல் நாள் போட்ட கணக்கில்தான் இருக்கும். அது எங்கே எப்படிக் கோணுகிறது என்று, நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம். கணக்குக்காக ஓர் ஆள்: 34 வயது ஆண், 170 சென்டிமீட்டர், 78 கிலோ, பகல் முழுக்க நாற்காலி. வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி, இரண்டு நாள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்.

எல்லோரும் தொடங்குவது ஏதாவது ஒரு கால்குலேட்டரில். அதற்குள் இருப்பது அநேகமாக 1990-இல் வெளிவந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும்; கடைசியில் ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். நம் ஆளுக்கு 780 + 1062.5 – 170 + 5, அதாவது ஏறக்குறைய 1,678 கலோரி. எதுவும் செய்யாமல் படுத்துக் கிடந்தாலே இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஓட ஒரு நாளைக்கு ஆகும் செலவு இது. பெரும்பாலானவர்களுக்கு இந்த எண் பத்து சதவீதம் முன்னே பின்னே சரியாகவே இருக்கும். ஆகவே, “என் மெட்டபாலிசம் செத்துப்போச்சு” என்ற முடிவுக்கு இங்கேயே போய்விட வேண்டாம். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயதுவரை இந்தச் செலவு கிட்டத்தட்ட நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. முப்பது தாண்டியதும் எல்லாம் மந்தமாகிவிடும் என்று சொல்வது நமக்குப் பிடித்த சாக்கு, அவ்வளவுதான்.

கோணல் ஆரம்பிப்பது அடுத்த பெட்டியில். “உங்கள் செயல்பாடு எவ்வளவு?” என்று கேட்டு ஐந்து தேர்வுகள் தரும்: அசையாத வாழ்க்கை 1.2, இலேசு 1.375, நடுத்தரம் 1.55, அதிகம் 1.725, மிக அதிகம் 1.9. நடுத்தரத்துக்குப் பக்கத்தில் “வாரம் 3 முதல் 5 நாள் உடற்பயிற்சி” என்று எழுதியிருக்கும். நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறவர் வேறு எதைத் தொடுவார்? 1,678-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2,600. பார்க்கவே சந்தோஷமான எண். ஆனால் அந்தப் பெருக்கல் உயர்த்துவது பயிற்சி செய்யும் நேரத்தை மட்டுமல்ல, நாள் முழுவதையும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பயிற்சி நான்கு மணிகூட இல்லை. மீதி நேரத்திலும் நின்று, நடந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவருக்கு 1.55 பொருந்தும். சமையலறையில் நிற்பவர், வகுப்பில் நடந்துகொண்டே பாடம் எடுப்பவர், சரக்கு ஏற்றி இறக்குபவர் ஆகியோருக்கு அது கையிலேயே இருக்கிறது. நாற்காலிக்காரருக்கு இல்லை.

இதோடு நிற்காது. கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் “550 கலோரி” என்று பட்டாசு வெடித்துக் காட்டும். ஆப் அதை எடுத்து அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்கும். வாரம் நான்கு முறை என்றால் 2,200. ஒரு நாளைக்குப் பிரித்தால் 314. ஏற்கெனவே 1.55-க்குள் பயிற்சியைச் சேர்த்தாயிற்று, அதே பயிற்சி இப்போது வாட்ச் வழியாக இன்னொரு முறை உள்ளே வருகிறது. 2,600 + 314 = 2,914. எடை குறைய 500 கழித்து, 2,414 கலோரி சாப்பிடலாம் என்கிறது ஆப். ஆள் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார். ஒழுங்காகப் பின்பற்றுவதால்தான் எடை குறையவில்லை. ஏன் என்று பார்க்க, உண்மையான செலவைக் கீழிருந்து கட்டிவர வேண்டும்.

முதலில் வாட்சை ஓரம் கட்டுவோம். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மணிக்கட்டுக் கருவிகள் ஏழைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். சென்சார் கெட்டுப்போனதால் வந்த பிழை இல்லை இது. துடிப்பிலிருந்து கலோரியை ஊகிப்பதே அந்த அளவுக்கு வழுக்கலான வேலை. சீராக ஓடும்போது துடிப்பும், கலோரிச் செலவைக் காட்டும் ஆக்ஸிஜன் செலவும் சேர்ந்தே ஏறும், அதனால் ஊகம் ஓரளவு நிற்கும். எடை தூக்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கினாலே துடிப்பு எகிறும். ஆக்ஸிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறியிருக்காது. செட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கும் இரண்டு நிமிடமும் துடிப்பு 110-இலேயே நிற்கும், வாட்சும் கலோரியை ஏற்றிக்கொண்டே போகும். வெயில், காபி, மீட்டிங் டென்ஷன் எல்லாமே அதன் கண்ணுக்கு உழைப்புதான். டிரெட்மில் திரையும் உத்தமம் இல்லை. எடையைப் பதியாமல் ஏறினால் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு எடையை வைத்துக் கணக்குப் போடும். சரிவை ஏற்றிவிட்டு முன்கம்பியைப் பிடித்துத் தொங்கினால், ஏறாத ஏற்றத்துக்கும் சேர்த்துக் கலோரி காட்டும்.

இதற்குப் பதிலாக ‘மெட்’ கணக்கு எளிது, பேனா போதும். ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. நாற்காலி வேலை 1.3 முதல் 1.5, சாதாரண நடை 3 முதல் 3.5, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்யும் எடைப் பயிற்சி 3.5, மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம் 8.3. இங்கே பலர் தவறவிடும் ஒரு கழித்தல் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு மெட் செலவாகியிருக்கும், அது அன்றாடக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். எடைப் பயிற்சி ஒரு மணி நேரம்: 2.5 × 78 = 195. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், முப்பத்தேழரை நிமிடம்: 7.3 × 78 × 0.625 = 356. ஓட்டத்துக்கு மனக்கணக்கு வேண்டுமென்றால், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.9 கலோரி, வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது. நடைக்கு அதே கணக்கில் 0.5.

வாரக் கூட்டல் போடுங்கள். இரண்டு எடைப் பயிற்சி 390, இரண்டு ஓட்டம் 712, மொத்தம் 1,102. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 157 கலோரி. உயிரைக் கொடுத்துச் செய்த நான்கு நாள் உழைப்புக்கு 157! முதல்முறை இந்த எண்ணைப் பார்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பயிற்சி முடிந்தபின்னும் மணிக்கணக்காக எரிந்துகொண்டே இருக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அந்தப் பின்செலவு பயிற்சியில் செலவானதில் 6 முதல் 15 சதவீதம்தான். 200 கலோரிப் பயிற்சிக்கு 12 முதல் 30. தசை வளர்ந்தால் தூங்கும்போதும் எரியும் என்பதும் அப்படித்தான். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளைக்குச் சுமார் 13 கலோரி எடுக்கும், கொழுப்பு 4.5. மூன்று கிலோ தசை ஏறினாலும் 40 கலோரிக்குப் பக்கம். எடைப் பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. எலும்புக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அதைவிட நல்ல மருந்து குறைவு. கலோரிக் கடனை அடைக்க அதை அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பும் என்பதுதான் விஷயம்.

இனி அடித்தளம். பயிற்சியைத் தனியாகக் கூட்டுவதென்றால், பயிற்சி இல்லாத நாளின் பெருக்கம் என்ன? 1.2 என்று போடுகிறவர்கள் உண்டு, அது பெரும்பாலானவர்களுக்குக் குறைவு. நாளெல்லாம் படுக்கையும் சோபாவுமாக இருப்பவருக்கே பொருந்தும். 2001-இல் கூடிய எஃப்ஏஓ – டபிள்யூஹெச்ஓ (ஐ.நா.வின் உணவு, சுகாதார அமைப்புகள்) நிபுணர் குழு, அதிகம் அசையாத வாழ்க்கைக்கே 1.40 முதல் 1.69 வரை என்று வகுத்தது. அதில் பயிற்சியும் அடக்கம். நாற்காலி வேலை, கொஞ்சம் வீட்டு வேலை, நாளைக்கு நாலாயிரம் ஐயாயிரம் காலடிகள் என்றால் பயிற்சியை விலக்கி 1.35 நியாயமான தொடக்கம். ஆறாயிரத்துக்கு மேல் போனால் 1.4. நம் ஆளுக்கு 1,678 × 1.35 = 2,265; அதோடு 157 சேர்த்தால் 2,422. ஆப் சாப்பிடச் சொன்னது 2,414. பற்றாக்குறை என்று எதுவுமே இல்லை. பன்னிரண்டு வாரம் அவர் கச்சிதமாக எடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த அடிகள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், மேஜை வேலைக்காரருக்கு உண்மையான இடைவெளி இங்கேதான். பயிற்சியில் சேராத அசைவுகள், அதாவது எழுந்து தண்ணீர் பிடிப்பது, மாடி ஏறுவது, ஃபோனில் பேசிக்கொண்டே நடப்பது, காலை ஆட்டுவது எல்லாம் சேர்ந்து ஒரே உடல்வாகுள்ள இருவருக்கிடையே நாளைக்கு 2,000 கலோரிவரைகூட வித்தியாசம் கொடுக்கலாம். மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 1999-இல் வெளியிட்ட சோதனையில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோவுக்கும் குறைவு, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கும் மேல். தன்னையறியாமல் கூடுதலாக அசைந்தவர்கள் தப்பித்தார்கள். இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும், யாரும் எச்சரிக்காத இடம் அது. காலையில் ஓடிவிட்டு வந்தவர் பகல் முழுக்க “இன்றைக்கு நம் பங்கு முடிந்தது” என்று லிஃப்டில் போவார், மாலையில் சோபாவில் சாய்வார். உங்கள் ஃபோனில் போன மாத அடிகளைத் திறந்து, பயிற்சி நாள், ஓய்வு நாள் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பயிற்சியின் அடிகளைக் கழித்தபின் ஓய்வு நாளில் ஆறாயிரமும் பயிற்சி நாளில் மூவாயிரத்து ஐந்நூறுமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 78 கிலோ ஆளுக்கு ஆயிரம் அடி என்பது கூடுதலாக 28, 30 கலோரி. குறைந்த 2,500 அடி 75 கலோரியைத் தின்றுவிட்டது. எடைப் பயிற்சியின் பலனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போயிற்று. நின்றுகொண்டே வேலை செய்யும் மேஜை வாங்கினால் சரியாகுமா என்றால், காசு போட்டு ஏமாறுகிற இடம் அது. 2018-இல் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதல்; ஆறு மணி நேரம் நின்றால் 54. முதுகுக்காக வாங்குங்கள், எடைக்காக வேண்டாம்.

சாப்பாட்டுப் பக்கமும் சுத்தமாக இருக்காது. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு ஒன்றில், 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் மெட்டபாலிசத்தில் குறையே இல்லை. வேண்டுமென்று சொன்ன பொய்யும் இல்லை, கண்ணளவு அப்படித்தான். மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது அது இரண்டு கரண்டியாகும். ஒரு கைப்பிடிக் கொட்டை 30 கிராம் என்று எழுதுவோம், தராசில் 50 இருக்கும். தானியத்தை வேகவைத்தபின் எடை போட்டுவிட்டு ஆப்பில் ‘பச்சை’ எடையைத் தேர்ந்தெடுத்தால் உண்மையைவிட இரண்டரை, மூன்று மடங்கு காட்டும். தலைகீழாகச் செய்தால் அதே விகிதத்தில் குறையும். வாழ்நாள் முழுக்கத் தராசோடு அலைய வேண்டியதில்லை. ஐந்து வாரம் மட்டும், எண்ணெயையும் கொட்டைகளையும் தானியத்தையும் கிராமில் எடுங்கள். கீரை வெள்ளரியை விட்டுவிடலாம்.

கணக்கு தவறு என்று தெரியாமல் பதறும்போதுதான் நேரமும் பணமும் கரைகின்றன. வாட்சை மாற்றுவார்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் வாங்குவார்கள். அது தண்ணீர் குடித்த நேரத்தைப் பொறுத்து காலையில் 28, இரவில் 22 என்று காட்டும். அந்த எண்ணைக் கொழுப்பு நீங்கிய எடையை வைத்துப் போடும் காட்ச் – மெக்ஆர்டில் சூத்திரத்தில் கொடுத்தால் அடிப்படைச் செலவு 1,583-க்கும் 1,684-க்கும் நடுவில் ஊசலாடும். கடைசியில் ஆத்திரத்தில் ஒரேயடியாக 1,200 கலோரிக்கு இறங்குவார்கள். பத்து நாள் தாங்கும், பதினோராம் நாள் இரவு அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அதன்பின் வரும் குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது மூன்று மாதப் பயிற்சியையே நிறுத்த வைத்துவிடும்.

சூத்திரம் தரும் 2,422-உம் ஊகம்தான். நம் உடம்பிடமே கேட்டு அதைச் சரிசெய்யும் வழி இருக்கிறது, ஐந்து வாரம் பிடிக்கும். 2,150 போல ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு முதல் வாரத்தை அப்படியே தள்ளிவிடுங்கள். உடம்பில் சேமித்திருக்கும் கிளைகோஜன், அதாவது மாவுச்சத்துச் சேமிப்பு, ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது இறங்கி ஒன்றரைக் கிலோ போனதுபோலக் காட்டும், அது கொழுப்பு அல்ல. அடுத்த நான்கு வாரம் தினமும் காலையில், கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே மெஷினில், விரிப்பில்லாத தரையில் எடை பாருங்கள். தனிநாள் எண்ணுக்கு மதிப்பில்லை. வாரச் சராசரி மட்டுமே கணக்கு. இந்த நான்கில் முதல் வாரச் சராசரி 78.2, நான்காம் வாரச் சராசரி 77.3 என்று வந்தால், குறைந்தது 0.9 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி, 0.9 × 7,700 = 6,930. இதை 28-ஆல் வகுப்பதுதான் வழக்கமான பிழை. முதல் வாரத்தின் நடுநாளிலிருந்து நான்காம் வாரத்தின் நடுநாள்வரை இருப்பது 21 நாள். 6,930-ஐ 21-ஆல் வகுத்தால் 330. அந்த 21 நாளில் சராசரியாகச் சாப்பிட்ட 2,150-ஐக் கூட்டினால் 2,480. அதுதான் அவருடைய ஒரு நாள் செலவு, பயிற்சி, சோம்பல், காலாட்டல் எல்லாம் சேர்த்து. எழுதுவதில் தினமும் நூறு கலோரி விட்டுப்போயிருந்தாலும் பாதகமில்லை. அதே பழக்கத்தோடு எழுதும்வரை பிழை இரண்டு பக்கமும் சமமாக இருந்து தன்னைத்தானே கழித்துக்கொள்ளும்.

இந்த ஐந்து வாரத்தில் எடையைக் குழப்பும் வேறு விஷயங்களைக் கிளற வேண்டாம். புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கினால் தசை வலியோடு தண்ணீரும் சேரும். கிரியேட்டின் என்ற ஜிம் துணை உணவை ஆரம்பித்தால் ஒன்றிரண்டு கிலோ ஏறும். உப்பான விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது விருந்தின் கொழுப்பு இல்லை. மாதவிடாய் உள்ளவர்கள் ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல், சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு வாரம் போதவில்லையென்றால் இரண்டு சுழற்சி எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் தைராய்டு, சர்க்கரை மருந்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுத்தான் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்.

2,480 கையில் வந்தபின் வாட்ச் ஆப்போடு பேசுவதை அணைத்துவிடலாம். பயிற்சி நாளுக்குத் தனி வரவு கிடையாது, அது உள்ளேயே இருக்கிறது. 400 கழித்து 2,080 என்று வைத்தால் வாரத்துக்கு 350 கிராம் சொச்சம் குறையும். அவசரமில்லாதவருக்கு இது போதும். வழக்கத்துக்கு மாறாக ஒருநாள் 20 கிலோமீட்டர் ஓடினால் மட்டும் 78 × 20 × 0.9, கிட்டத்தட்ட 1,400. அதில் முக்கால் பங்கைச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஐந்து கிலோ இறங்கியதும் சூத்திரப்படியே அடிப்படைச் செலவு 50 குறையும், அன்றாட அசைவையும் பயிற்சியையும் சேர்த்தால் 80-க்குப் பக்கம் வரும், உடம்பு தானாகச் சிக்கனம் பிடிப்பது அதற்கு மேல். அப்போது எடை நின்றுவிட்டது என்று பதறாமல், மறுபடி நான்கு வாரம் எடை பார்த்து, முதல் வாரச் சராசரிக்கும் நான்காம் வாரச் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை 7,700-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்து, சாப்பிட்ட சராசரியோடு கூட்டுங்கள்.